திங்களூர்த் தண்ணீர்ப் பந்தர்: காகதாலீயமும் திருவருளும்

காக்கை பனையில் வந்து அமர்தலும் அவ்வமயத்தே பனம்பழம் வீழ்தலும் ஒருங்கு நிகழுமாயின், காண்போர் காக்கையே பழத்தை வீழ்த்திற்றென்று கருதுவர். அவ்வாறு கருதுதல் பிழையென்று காட்டுதற்கு எழுந்ததே காகதாலீய நியாயம். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரு காலத்தே நேர்ந்தமை ஒன்றே பற்றி அவற்றினிடைக் காரண காரியத் தொடர்பு உண்டெனத் துணிதல் கூடாதென்பது அதன் கருத்து. இக்காலத்தே அந்நியாயத்திற்கு முற்றிலும் மறுதலையாயதொரு கொள்கை மக்களிடையே பரவி நிற்கின்றது. ஒருவன் தான் பழகிய வட்டத்துள்ளே அமைந்து கிடக்குங்காறும் அவன் வாழ்விற் புதியது யாதும் நிகழாது. அவன் அச்சந் துறந்து அவ்வட்டத்தைக் கடந்து ஓரடி எடுத்து வைப்பானாயின், காணவேண்டியவர் எதிர்ப்படுவர், கேட்கவேண்டிய சொல் செவியில் வீழும், வேண்டிய பொருள் தானே வந்து கைகூடும். இவை தற்செயலல்ல, அவன்பொருட்டு அமைந்த குறிப்புக்களே என்பது அக்கொள்கையின் வடிவம்.

இதற்கு மூலமாகப் பெரிதும் எடுத்துக் காட்டப்படுவது சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் வல்லுநர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875-1961) என்பாரது கருத்தாகும். காரணத்தால் இணையாது பொருளால் மட்டும் இணையும் உடனிகழ்ச்சிகள் உள வென்று அவர் கூறினர். அதனை விரித்தெழுதிய அவருடைய கட்டுரை, பௌதிக நூற்புலவர் வுல்ப்காங் பௌலியின் கட்டுரையோடு ஒரே நூலாக 1952-இல் வெளிவந்தது. அதன்கண் அவர் காட்டும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்ததே. அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த பெண்ணொருத்தி, தான் கனவிற் கண்ட பொன்வண்டைப் பற்றி உரைத்துக் கொண்டிருக்கையில், சன்னற் கண்ணாடியில் ஏதோ மோதும் ஓசை கேட்டது. யுங் சன்னலைத் திறந்து, உட்புகுந்த வண்டைப் பிடித்து, அவள் கையிற் கொடுத்தனர். அது பொன்வண்டை மிக ஒத்ததோர் இனத்தது. அறிவின் வன்மையால் இறுகிக் கிடந்த அவளுள்ளம் அதனால் நெகிழ்ந்ததென்பது அவர் கூற்று. வட்டத்தைக் கடத்தலை இத்தகைய நிகழ்ச்சிகளைப் பெறுதற்குரிய உபாயமாக ஆக்கிக்கொண்டவர் பிற்காலத்தவரே என்க.

அடியார் வரலாறுகள் இக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்படுதற்கு மிக எளியன. அவற்றுள்ளும் திருத்தொண்டர் புராணத்து அப்பூதியடிகள் வரலாறு இதற்கென்றே அமைந்தாற்போலத் தோன்றும். திருவையாற்றையடுத்த திங்களூரில் வாழ்ந்த மறையவராகிய அப்பூதியார், திருநாவுக்கரசு சுவாமிகளைக் கண்ணாற் கண்டறியாதவர். அவர்தம் புகழைக் கேட்ட துணையானே அன்பு மேலிட்டு, தம் மக்களுக்கும், ஆவிற்கும் எருமைக்கும், மனையிலுள்ள அளவைகட்கும் நிறைகோலுக்குங்கூடத் திருநாவுக்கரசென்றே பெயரிட்டனர். தாம் அமைத்த சாலை, குளம், தண்ணீர்ப் பந்தர் யாவற்றிற்கும் அப்பெயரே வைத்தனர். பதிகள் தோறுஞ் சென்று வழிபட்டு வரும் நாவரசர் ஒருநாள் அவ்வழியே எழுந்தருளுகின்றார். பந்தரிலே தம் பெயர் எழுதியிருத்தலைக் காண்கின்றார். தமரையும் மனையையும் துறந்து வழிநடந்தவர் ஒருவர், அவர் பெயரை எழுதிவைத்துக் காத்திருந்தவர் ஒருவர், இருவரும் கூடினர். இதனினும் வியத்தகும் உடனிகழ்ச்சி யாதுளது என வினவுதல் இயல்பே. ஆயினும் சேக்கிழார் சுவாமிகள் இதனை எவ்வாறு அமைத்துள்ளார் என்று நுணுகி நோக்குங்கால், அவ்வரலாறு இப்புதுக் கொள்கைக்குச் சான்றாதலினும் அதனை மறுக்குங் கருவியாதலே மிகுதி என்பது புலனாகும்.

முதற்கண் நோக்கற்பாலது அப்பந்தர் அமைந்த இடம். மக்கள் அளவிறந்தோர் இடையறாது செல்லும் வழிக்கரையிலே அஃது இருந்ததாக ஆசிரியர் கூறுகின்றார். பந்தரின் தண்மையைப் புனைந்துரைக்கப் புகுந்தவர் வழியின் இயல்பையும் உடன்வைத்தது வறிதன்று. சோழநாட்டுப் பதிகள்தோறும் கால்நடையாகச் சென்று வழிபடுதலையே தம் வாழ்வாகக் கொண்டவர் நாவரசர். திங்களூரோ, பாடல்பெற்ற தலமாகிய திருப்பழனத்தின் அணித்தே உள்ளது. அங்ஙனமாகப் பெருவழியிலுள்ள பந்தரை அவர் ஒருநாள் காணுதல் நிகழ்தற்கரிய தொன்றன்று. நிகழாதொழிதலே அரிதென்று கூறினும் இழுக்காது.

இக்காலக் கணித நூலாரும் இதனையே வேறு வாய்பாட்டாற் கூறுவர். 23 பேர் கூடிய ஓரவையிலே இருவர் ஒரே நாளிற் பிறந்தவராயிருத்தல், இராதிருத்தலினும் சிறிது மிகுதியாக எதிர்பார்க்கத்தக்கது. கேட்போர்க்கு இது வியப்பளிப்பினும் கணக்கிட்டு அறியத்தக்க உண்மையே. பெர்சி டயக்கோனிஸ், பிரடெரிக் மாஸ்டெல்லர் என்னும் இருவர் 1989-இல் உடனிகழ்ச்சிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், நிகழ்ச்சிகளின் தொகை மிகப் பெரிதாயின் எத்தகைய அரிய ஒற்றுமையும் எங்கேனும் நிகழ்தல் கூடுமென்று காட்டினர். மனையகத்தே இருப்பவன் ஒருநாளிற் காண்பவர் சிலர். வழிச்செல்பவன் காண்பவர் பலர். ஆகலின் பழகிய வட்டத்தைக் கடந்தவனுக்கு எதிர்பாரா ஒற்றுமைகள் மிகுதியாக நேர்தல் உண்மையே. அம்மிகுதிக்கு ஏது உலகம் அவன்மேற் கொண்ட தனியன்பன்று. அவன் காணும் பொருள்களின் தொகையே. அன்றியும், பொருந்தியதனை மனம் பொதிந்து வைத்துக்கொள்ளும். பொருந்தாதன நூறாயினும் மறந்தொழியும்.

அங்ஙனமாயின் திங்களூர் நிகழ்ச்சி வெறுங் காகதாலீயந்தானோ எனின், அற்றன்று. காக்கைக்கும் பழத்திற்கும் தொடர்பில்லை. பந்தருக்கும் நாவரசர்க்குமோ தொடர்புண்டு. நாவரசர் கல்லே மிதவையாகக் கடல் கடந்த செய்தி ஊர்தோறும் பரவிற்று; அது திங்களூரையும் எய்திற்று; ஆண்டு ஓரன்பருள்ளத்திற் பதிந்தது; பதிந்தது தொண்டாக மலர்ந்தது. நாடோறும் நீர்முகந்து நிறைத்தலும், வந்தார்க்கு உதவுதலும், பந்தரைப் பேணுதலும் ஆகிய ஓயாத் தொழில் அக்கூட்டத்திற்கு முன்னரே நெடிது நடந்துள்ளது. வழிச்சென்றவர் நோக்கில் எதிர்பாராதது, மனையிலிருந்தவர் நோக்கில் முன்னரே சமைக்கப்பட்டது. புதுக்கொள்கையார் வட்டத்தைக் கடந்தவனையே நோக்குவர். அவ்வட்டத்துள்ளேயே இருந்து தொண்டு செய்தவரை நோக்கார். சேக்கிழாரோ இவ்வரலாற்றிற்கு வழிச்சென்றவர் பெயரை வைத்திலர். இருந்தவர் பெயரையே வைத்தனர். நாவரசர் புராணத்திற் சுருங்கக் கூறிய இந்நிகழ்ச்சியை அப்பூதியடிகள் புராணத்தில் விரித்துரைத்ததும் அதுபற்றியே என்பது ஊகிக்கத்தக்கது. யுங் கூறிய வண்டின் கதையினும் இவ்வுண்மை மறைந்து கிடக்கின்றது. வண்டு சன்னலில் மோதிற்று, அவ்வளவே. எழுந்து சன்னலைத் திறந்து, வண்டைப் பிடித்து, நோயாளியின் கையில் வைத்தது ஒரு மருத்துவரின் பரிவு. அவளுக்குப் பொருளாகப் பயன்பட்டது வண்டோ, பரிவோ என்பது ஆராயத்தக்கது.

இரண்டாவதாக நோக்கற்பாலது நாவரசர் தம் பெயரைக் கண்டபொழுது செய்த செயல். வழிநடந்த களைப்போடு வந்தவர், அறியாத ஊரில், நிழலும் நீரும் உள்ள இடத்தில், தம் பெயரே எழுதப்பட்டிருத்தலைக் காண்கின்றார். புதுக்கொள்கை அறிந்தவராயின், உலகம் தம்மை அழைக்கின்றதென்று களித்திருப்பர். நாவரசர் செய்தது வேறு. இதனைச் செய்தவர் யாவர் என்று ஆண்டுள்ளாரை வினவினர். அவர் மனை அணித்தென அறிந்து அங்குச் சென்றனர். எதிர்வந்து வணங்கிய அப்பூதியாரை நோக்கி, நும் பெயர் எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது என் என்று கேட்டனர். தம் பெயரை 'வேறொருவர் பெயர்' என்று கூறிய அச்சொல்லில் அடங்கிய பணிவை உரைகாண்போர் பாராட்டுவர். ஈண்டுக் கருதப்படுவது அதனொடு பொருந்திய மற்றொன்று. தம் பெயரைக் கண்டும் அதனைத் தம்மைப் பற்றிய குறிப்பாக அவர் கொண்டிலர்; பிறரொருவரது தொண்டாகவே கொண்டனர். குறிப்பை நாடுவோன் எங்குந் தன்னையே காண்பான். அடியவரோ தம் பெயர் எழுதிய இடத்தும் பிறரைக் கண்டனர்.

அப்பூதியாரும் வந்தவரைக் கண்டவுடன் அறிந்தாரல்லர் என்பது நினைவுகூரத்தக்கது. வேறொருவர் பெயரென்ற சொல்லைக் கேட்டு வெகுண்டு, நாவரசர் பெருமையை அறியாதாரும் உளரோ, இவ்வாறு கூறிய நீர் யார் என்று வினவினர். காத்திருந்த குருவே எதிரில் நிற்கவும் உள்ளுணர்வு ஒன்றும் அவர்க்கு உரைத்திலது. சூலைநோயால் ஆட்கொள்ளப்பட்ட சிறுமையேன் யான் என்று நாவரசர் தாமே உரைத்த பின்னரே அவர் உணர்ந்து அடியில் வீழ்ந்தனர். பூசலார் நாயனார் வரலாற்றில் இறைவன் காடவர்கோன் கனவில் தோன்றி, பூசலார் அகத்தே எடுத்த கோயிலுக்கும் அரசன் கச்சியில் எடுத்த கற்றளிக்கும் ஒரே நாள் குறிக்கப்பட்டமையை அறிவித்தனன் என்று கூறிய ஆசிரியர், திங்களூரிற் கனவொன்றும் கூறிலர். வானில் எழுந்த ஒலியொன்றும் கூறிலர். வழியும், நீரும், எழுத்தும், வினாவும், விடையுமே அக்கூட்டத்தை முடித்தன. தெய்வக் குறிப்பை வைக்கவேண்டிய இடத்து வைக்க அறிந்த புலவர் ஈண்டு வையாது விட்டமை கருத்துடைத்து.

மூன்றாவதாக நோக்கற்பாலதும், புதுக்கொள்கையாற் சிறிதும் தாங்கலாகாததும், பின்னர் நிகழ்ந்த துன்பம். விருந்தமைக்கப்பட்டது. வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசை அரவு தீண்டிற்று. விடம் தலைக்கேறுமுன் குருத்தைக் கொடுத்தல் வேண்டுமென்று அப்பிள்ளை விரைந்தோடி வந்து தாய்கையிற் கொடுத்து வீழ்ந்தனன். நாவரசர் அவ்வழி வந்திராராயின் அன்று விருந்தில்லை. விருந்தின்றேல் அப்போது குருத்து அரிதலில்லை. பந்தரிலே பெயர் கண்டமை திருவருட் குறிப்பாயின், அதே வரவைத் தொடர்ந்து வந்த அரவு எதன் குறிப்பு? முன்னதனைத் தமக்குச் சாதகமாகப் பொருள்கொள்வார் பின்னதற்கும் பொருள் கூறக் கடமைப்பட்டவராவர். தொண்டிற் குற்றம் இருந்ததென்பரோ? வந்தவர் வரவு தீநிமித்தமென்பரோ? மகவை இழந்த மனைதோறும் இத்தகைய பொருள்கோள் இன்றும் நுழைகின்றது. எந்த நாளிற் புறப்பட்டது, யார் முகத்தில் விழித்தது, யார் காலடி வைத்தது என்று உற்றார் ஆராய்தல் கேட்கப்படாத ஊரில்லை. நன்மைக்குக் குறிப்புத் தேடும் பழக்கமும் தீமைக்குப் பழி தேடும் பழக்கமும் ஒரே வேரிற் கிளைத்தவை.

அப்பூதியாரும் அவர் மனைவியாரும் அவ்வேரை அணுகிலர். அவர் அழுது வந்தவரைப் பழித்திலர். தம் தொண்டை ஐயுற்றிலர். இதன் பொருள் யாதென்று ஆராயவும் இருந்திலர். பிள்ளையின் உடலை ஒருபுறத்தே மறைத்து, அடியவர் அமுது செய்தல் தடைப்படலாகாதென்றே கருதினர். இச்செயலின் கடுமை படிப்போர் நெஞ்சை இன்றும் வருத்தும், வருத்துதல் தகும். இத்துணைக் கொடுமையை ஒரு தாய்மேல் ஏற்றுதல் முறையோ என்று வினவுவாரை அன்பிலாரென்று ஒதுக்கலாகாது. ஆயினும் பெற்றோர் செயலுக்கு மூலம் நெஞ்சின் வன்மையன்று. விடமேறிய மகன் எக்கருத்தோடு ஓடிவந்தானோ அக்கருத்தையே அவர் முடித்தனர். தான் தீண்டப்பட்டமையைக் கூறின் விருந்து தடைப்படுமென்று அஞ்சிச் சொல்லாதிருந்தவன் அவன். அவன் தொடங்கிய மறைப்பையே அவர் தொடர்ந்தனர்.

பிள்ளை உயிர்பெற்றெழுந்தமையின் எல்லாம் நன்மைக்கே அமைந்த குறிப்பென்று கொள்ளலாமே எனின், அது பின்னிகழ்ச்சியைக் கொண்டு முன்னிகழ்ச்சியை அளக்கும் பிழையாகும். பெற்றோர் மறைத்தபொழுது மகன் எழுவானென்று அறிந்திலர். அறிந்து மறைத்திருப்பின் அது தொண்டாகாது, வாணிபமாகும். நாவரசர் திருநீறு அளிக்குங்கால் மூத்த மகனை அழைக்க, அவன் இப்போது இங்கு உதவான் என்று அப்பூதியார் கூறினர். அச்சொற் கேட்ட அளவிலே இறைவன் அருளால் நாவரசர் உள்ளத்தில் ஒரு தடுமாற்றம் தோன்றிற்றென்று ஆசிரியர் கூறுகின்றார். அருளென்னுஞ் சொல் அமைந்த இவ்விடம் உற்று நோக்கத்தக்கது. பிறர் மறைத்த துன்பம் ஒருவர் நெஞ்சில் உறைத்த இடத்தே அருள் கூறப்பட்டது. நல்லூழால் ஒருவரையொருவர் காணுதலினும், சொல்லாத துயரை உணர்தல் அரிது. அடிகள் பிள்ளையைக் கோயில்முன் கொணர்வித்துப் பதிகம் பாடினர், விடம் நீங்கிற்று. ஒன்று முதற் பத்து ஈறாக எண்ணடைவிற் செல்லும் அப்பதிகத்துட் பிள்ளையின் பெயரும் அரவு தீண்டிய செய்தியும் வெளிப்படக் கூறப்படவில்லை. திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியாரைப் பெயர் சுட்டிப் பாடிய நாவரசர், தம் பாடலால் நிகழ்ந்ததைத் தம் வாக்காற் கூறாது விட்டனர்.

வட்டத்தைக் கடத்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்பதற்கு இவ்வாசிரியர் நூலிலேயே வேறு சான்றுகளும் உள. தருமசேனர் என்னும் பெயரோடு பாடலியிற் பெருஞ்சிறப்புற்றிருந்த நிலையை விட்டுத் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்ட நாவரசர்க்கு எதிர்வந்தவை இனிய உடனிகழ்ச்சிகளல்ல. நீற்றறையும், நஞ்சும், யானையும், கல்லொடு பிணித்துக் கடலிலிடுதலுமாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்து, பின் திருவாரூர் வசந்த விழாவை நினைந்து திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபொழுது கண்ணிரண்டும் மறைந்தன. அங்கும் எல்லை கடக்கப்பட்டது. ஆரூரனைக் காணும் ஆர்வத்தாலேயே கடக்கப்பட்டது. ஆயினும் ஒருத்திக்குக் கொடுத்த சொல் அவ்வெல்லையில் நின்றது. எவ்வெல்லை அச்சத்தாற் போடப்பட்டது, எவ்வெல்லை வாய்மையாற் போடப்பட்டது என்று பகுத்தறியாது, கடத்தலையே வீரமென்று புகழ்தல் கேடு பயக்கும்.

சித்தாந்த நூல்களின் துணிபும் இதனொடு ஒக்கும். குரு எதிர்வந்து உணர்த்துதலைக் கூறும் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், அதற்கு ஏதுவாக உயிர் செய்த தவத்தைக் கூறிற்று. வேடரிடை வளர்ந்த மன்னவன் மகனை அரசனே வந்து உணர்த்தி அழைத்துக் கொள்ளுதல் ஆண்டு உவமை. மகன் காட்டைவிட்டு ஓரடி எடுத்து வைத்தமையால் தந்தை வந்தானென்பது கருத்தன்று. தவமென்பதும் சரியை முதலியவற்றையே குறித்தலின், வழிப்போக்கர்க்கு நீரளித்த அப்பூதியார் தொண்டு அதனுள் அடங்கும். இனி, சத்திநிபாதத்திற்கு முன்னாகக் கூறப்படும் இருவினையொப்பாவது, நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் உள்ளம் ஒருபடித்தாய் நிற்றல். எதிர்ப்படும் நன்மைகளை எண்ணி எண்ணித் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வோன் அந்நிலையினின்றும் நாடோறும் விலகிச் செல்கின்றான். விருந்தினர் வரவையும் மகவின் பிரிவையும் ஒருநாளில் ஏற்றுத் தொண்டில் திரியாது நின்ற அவ்விருவரே அந்நிலைக்கு இலக்கியமாவர்.

புதுக்கொள்கையில் ஏற்கத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. அச்சத்தாற் கட்டுண்டு கிடப்பவனை எழுந்து நடவென்றல் நன்றே. நாவரசர் நடந்திலராயின் திங்களூர் நிகழ்ச்சி இல்லை. தற்செயல் யாவும் திருவருளுக்குப் புறம்பென்பதும் சைவர்க்கு உடன்பாடன்று. அவனன்றி அணுவும் அசையாதென்பது அவர் கொள்கை. ஆயின் எல்லாம் அருளுள் அடங்குமென்பதனால், இந்நிகழ்ச்சி எனக்கிட்ட குறிப்பு என்று தனித்தெடுத்துக் கொள்ளும் உரிமை ஒருவற்கும் வந்துவிடாது. அரவும் அவ்வருளாணையுள் அடங்கியதே. அதனைத் தனக்கிட்ட குறிப்பென்று எவனும் விரும்பி எடுத்துக்கொள்வதில்லை.

இக்காலத்தே திங்களூர் சந்திரனுக்குரிய தலமாகப் பலரானும் அறியப்பட்டுள்ளது. கோள்களின் பயனை நாடித் தம் ஊர் கடந்து அங்கு வருவோர் பலர். வருவோர்க்கு அங்கு என்ன எதிர்ப்படுமென்று கூறுதல் எவர்க்கும் இயலாது. அவ்வழிக்கரையிலே முன்னொரு காலத்தில் ஒருவர், வருவார் யாரென்று அறியாது, வருவார் அனைவர்க்கும் நீர்நிறைத்து வைத்திருந்தார். ஒருநாள் வந்தவர் நாவரசர். அவர் வாராதிருந்த நாட்களிலும் பந்தரில் நீர் குறைவற நின்றது.